மூலநிரலை விட்டுப் பிரியும் கோப்பு

ஜாவா மொழியில் எழுதப்படும் ஒரு பயன்பாடு, அதை எழுதியவரின் கணினியில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகக் கிடக்கிறது. வங்கியிலோ மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ அதை இயக்கும் சர்வருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பாகத்தான் போய்ச் சேர்கிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நடக்கும் வேலையை நிரலாளர்கள் 'பில்ட்' என்கிறார்கள். மூலநிரலை இயந்திரம் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது, சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது, வெளியார் எழுதிய நூலகங்களைத் தேடிச் சேர்ப்பது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பெயரிட்டு ஓரிடத்தில் வைப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இவற்றை ஒரே கட்டளையில் செய்து முடிக்கும் மென்பொருளே பில்ட் கருவி. அது எழுதி வைக்கும் கோப்புகள் அதன் வெளியீடு. நிரல் எழுதக் கற்பவர்கள் மொழியின் இலக்கணத்தில் செலவிடும் காலத்தில் சிறு பங்கைக்கூட இந்த வெளியீட்டை அமைப்பதில் செலவிடுவதில்லை. கருவி தானாகத் தருவதை அப்படியே எடுத்துக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் பயனரிடம் போய்ச் சேர்வது மூலநிரல் அன்று, இந்தக் கோப்புதான். மூலநிரலை விட்டுப் பிரிந்து, எழுதியவரும் வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகு, தான் எந்தப் பதிப்பு, எந்த ஜாவாவுக்கு உரியது, தனக்குள் யாருடைய நூலகங்கள் இருக்கின்றன என்று கேட்பவருக்கு அந்தக் கோப்பே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கோப்பைக் கட்டும் நேரத்தில் எழுதப்படாவிட்டால், பிறகு அதை வெளியிலிருந்து நம்பகமாகச் சேர்க்க வழியில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-இல் அறிமுகப்படுத்திய ஜாவாவின் தனித்தன்மை, அதன் மூலநிரல் எந்தக் குறிப்பிட்ட கணினியின் மொழிக்கும் நேரடியாக மாற்றப்படுவதில்லை என்பதாகும். மூலநிரலைப் படித்து மாற்றித் தரும் கம்பைலர், தரவையும் அதன்மேல் நடக்கும் செயல்களையும் சேர்த்துக் கட்டிய 'கிளாஸ்' என்ற நிரல் அலகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை எழுதுகிறது. பைட்கோடு எனப்படும் இடைநிலை வடிவம் அந்தக் கோப்பில் இருக்கிறது. ஜாவா மெய்நிகர் இயந்திரம் என்ற மென்பொருள் எந்தக் கணினியில் நிறுவப்பட்டிருந்தாலும் அங்கே அதைப் படித்து இயக்கும். கிளாஸ் கோப்பு ஒன்றை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தால், முதல் நான்கு பைட்டுகள் எல்லா ஜாவாக் கோப்புகளிலும் ஒன்றாகவே இருப்பதைக் காணலாம். பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 'கஃபே பேப்' என்று ஆங்கிலத்தில் படிக்கத்தக்க அந்த எண், ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங் தேர்ந்தெடுத்தது. அடுத்த நான்கு பைட்டுகள் பதிப்பெண்ணுக்கு உரியவை. அவற்றுள் பின்னிரண்டில் 52 என்று இருந்தால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21. தனக்குத் தெரிந்த எண்ணைவிடப் பெரிய எண்ணைக் கண்ட மெய்நிகர் இயந்திரம் அந்தக் கோப்பை ஏற்க மறுத்துவிடும்.

ஆகவே வெளியீட்டை அமைப்பவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, கோப்பு எந்த ஜாவாப் பதிப்பில் ஓட வேண்டும் என்பதே. இதற்கு நெடுங்காலம் 'சோர்ஸ்', 'டார்கெட்' என்ற இரு அமைப்புகள் வழங்கிவந்தன; அவை மொழியின் இலக்கணத்தையும் கிளாஸ் கோப்பில் எழுதப்படும் எண்ணையும் கட்டுப்படுத்தினவே தவிர, நிரல் அழைக்கும் செயல்கள் பழைய பதிப்பில் உண்டா என்று பார்க்கவில்லை. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாகக் காட்டும். ஜாவா 9-இல், 'பைட்பஃபர்' என்ற கிளாஸின் 'ஃபிளிப்' என்ற செயல் திருப்பித் தரும் மதிப்பின் வகை மாற்றப்பட்டது. அந்தப் பதிப்பின் கம்பைலரிடம் டார்கெட் 8 என்று சொல்லிக் கட்டிய கோப்பு, 52 என்ற எண்ணைத் தாங்கியபடி ஜாவா 8 சர்வருக்குப் போய், அந்த வரியை எட்டும்வரை ஒழுங்காக ஓடி, எட்டியதும் அப்படியொரு செயலே இல்லை என்ற பிழையோடு விழும். கோப்பு தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. 2017-இல் வெளியான அதே ஜாவா 9-இல் 'ரிலீஸ்' என்ற ஒற்றை அமைப்பு வந்து, இலக்கணம், எண், அழைக்கத்தக்க செயல்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சரிபார்க்கத் தொடங்கியது. பழைய இரு அமைப்புகளைத் திட்டத்துக்குத் திட்டம் நகலெடுத்து வருபவர்கள் அவற்றை எடுத்துவிட்டு இதைப் போடுவதே சரி.

கிளாஸ் கோப்புகளைத் தனித்தனியே அனுப்பிவைப்பது சிரமம் என்பதால், 1997-இல் வந்த ஜாவா 1.1 பதிப்பில் ஜார் என்ற கட்டு வடிவம் சேர்ந்தது. அது ஃபில் காட்ஸ் 1989-இல் வெளியிட்ட ஜிப் வடிவமேதான். ஜார் கோப்பு எதைத் திறந்தாலும் முதல் இரண்டு பைட்டுகளாக அவருடைய பெயரின் முதலெழுத்துகள் நிற்கும். ஜிப்பிலிருந்து ஜாரை வேறுபடுத்துவது, 'மெட்டா-இன்ஃப்' என்ற கோப்புறைக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற சிறிய எழுத்துக்கோப்பு. பண்பின் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று வரிவரியாக எழுதப்படும் அந்தக் கோப்பில் 'மெயின்-கிளாஸ்' என்ற வரி, இயக்கம் எந்த கிளாஸிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த வரி இல்லாத ஜாரை நேரடியாக இயக்க முயன்றால், மேனிஃபெஸ்டில் முதன்மைப் பண்பு இல்லை என்ற ஒற்றை வரிப் பிழையுடன் எல்லாம் நின்றுவிடும். ஜாவா கற்கும் மாணவர்களில் பெரும்பாலோர் வெளியீட்டுக் கோப்பைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது இந்த வரியைத் திரையில் பார்க்கும்போதுதான்.

மேனிஃபெஸ்டின் விதிகள் கண்டிப்பானவை. ஒரு வரி 72 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்கித் தொடர வேண்டும். கடைசி வரிக்குப் பின் புதுவரிக் குறி இல்லாவிட்டால் அந்த வரி படிக்கப்படாமலே போகலாம். கையால் எழுதியவர்கள் இவற்றில் தடுமாறியதால்தான் இன்று பில்ட் கருவிகளே மேனிஃபெஸ்டை எழுதுகின்றன. ஆனால் எதை எழுத வேண்டும் என்று சொல்லாவிட்டால் அவை மிகக் குறைவாகவே எழுதும். கிரேடில் கருவி தானாக எழுதும் மேனிஃபெஸ்டில் அந்த வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பயன்பாட்டின் பெயர், பதிப்பு ஆகியவற்றுக்கென்றே 'இம்ப்ளிமென்டேஷன்-டைட்டில்', 'இம்ப்ளிமென்டேஷன்-வெர்ஷன்' என்ற பண்புகள் ஜாவாவில் உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலே அவற்றைப் படித்துத் தன் பதிப்பைத் திரையிலோ பதிவேட்டிலோ காட்ட முடியும். மேவன் கருவியிலும் இவை தானாக வருவதில்லை, கேட்டால்தான் வரும். அமைப்புக் கோப்பில் நான்கைந்து வரிகள் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு மிகச் சிறிது. நள்ளிரவில் சர்வர் நின்றுபோன நிலையில் எந்தப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று தேடுபவருக்கு அதனால் கிடைக்கும் உதவி மிகப் பெரிது.

இந்தக் கருவிகளின் வரலாறு ஒருவகையில் வெளியீடு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதன் வரலாறே. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்', மூலக்கோப்பு வெளியீட்டுக் கோப்பைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் மீண்டும் கட்டும் என்ற எண்ணத்தைத் தந்தது. கோப்புகளின் பெயர்களையும் இடங்களையும் எழுதுபவரே சொல்ல வேண்டும். டாம்கேட் சர்வர் மென்பொருளை உருவாக்கிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், ஜாவாவுக்கு ஏற்றதாக எழுதிய 'ஆன்ட்' 2000-இல் தனிக் கருவியாக வெளியானது. அதுவும் இடத்தையும் பெயரையும் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டதால், ஒரு திட்டத்தில் 'டிஸ்ட்', இன்னொன்றில் 'அவுட்', மூன்றாவதில் 'பின்' என்று ஆளுக்கொரு வழக்கம் வளர்ந்தது. புதிதாகச் சேர்பவர், வெளியீடு எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ளவே நீண்ட அமைப்புக் கோப்பு ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. 2004-இல் முதல் பதிப்பு கண்ட மேவன் இதைத் தலைகீழாக்கியது. மூலநிரல் இன்ன இடத்தில் இருக்க வேண்டும், வெளியீடு 'டார்கெட்' என்ற கோப்புறைக்குள் போகும், கோப்பின் பெயர் திட்டப் பெயரும் பதிப்பும் நடுவே சிறுகோடும் சேர்ந்ததாக அமையும் என்று மேவனே வகுத்துவிட்டது. மாற்ற விரும்புபவர் மட்டும் எழுதினால் போதும். 2012-இல் 1.0 பதிப்பை எட்டிய கிரேடில் அதே மரபைப் 'பில்ட்' என்ற கோப்புறைப் பெயருடன் தொடர்ந்தது. ஆண்ட்ராய்டு செயலிகள் பெரும்பாலும் கட்டப்படுவதும் இந்தக் கருவியால்தான்.

கருவி தரும் இந்த இயல்பான இடத்தை மாற்றத் தக்க காரணம் அரிதாகவே கிடைக்கும். வெளியீட்டுக் கோப்புறைக்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி, எந்த நேரமும் தயக்கமின்றி அழிக்கத்தக்கதாக இருப்பது. மேவனிலும் கிரேடிலிலும் 'கிளீன்' என்ற கட்டளை செய்வது அந்த அழிப்பையே. கையால் திருத்திய கோப்பு ஒன்றை அதற்குள் வைப்பவர் அடுத்த கிளீனில் அதை இழப்பார். மாறாக, வெளியீட்டை மூலநிரல் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதச் சொல்பவர், எது எழுதப்பட்டது, எது உருவாக்கப்பட்டது என்ற வேறுபாட்டையே இழப்பார். பழைய மிச்சங்களும் கவனத்துக்குரியவை. மேவனில், மூலத்திலிருந்து நீக்கப்பட்ட ஓர் அமைப்புக் கோப்பின் நகல் டார்கெட் கோப்புறையில் தங்கிப்போய், அடுத்த ஜாருக்குள் சத்தமின்றி ஏறிவிட வாய்ப்புண்டு. அன்றாட வேலையில் இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. வெளியே அனுப்பும் கோப்பை மட்டும் வெற்றுக் கோப்புறையிலிருந்தே கட்ட வேண்டும். வெளியீட்டுக் கோப்புறையைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் சேர்க்காமல் விலக்கி வைப்பதும் இதே காரணத்தால்தான்.

கிரேடில் இந்த ஒழுங்கை இன்னும் நுட்பமாக எடுத்துச் செல்கிறது. ஒவ்வொரு பணிக்கும் உள்ளீடுகள் எவை, வெளியீடுகள் எவை என்று அது கணக்கு வைத்துக்கொண்டு, கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த அடையாள எண்களை ஒப்பிட்டு, எதுவும் மாறாத பணியைத் தாண்டிப் போய்விடும். முன்பு கட்டியதைச் சேமிப்பிலிருந்து எடுத்தும் தரும். இரண்டு பணிகள் ஒரே கோப்புறைக்குள் எழுதுமாறு அமைத்துவிட்டால், எது எந்தப் பணியின் கோப்பு என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது, சேமிப்பிலிருந்து எடுத்தாளும் வசதியும் நின்றுவிடுகிறது. 2017-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து ஜாவா, கோட்லின் போன்ற ஒவ்வொரு மொழியின் கிளாஸ் கோப்புகளும் தனித்தனிக் கோப்புறைகளுக்குப் பிரிந்தது இதனாலேயே.

பெயர் விஷயத்தில் கருத்து வேறுபாடு அதிகம். 'வருகை' என்றொரு பயன்பாட்டின் 2.3.1 பதிப்பு, மேவன் வழக்கப்படி 'வருகை-2.3.1' என்ற பெயரில் ஜாராக வரும். 'ஃபைனல்நேம்' என்ற அமைப்பின் மூலம் இந்தப் பெயரை மாற்றலாம். பலரும் அதைக் கொண்டு பதிப்பெண்ணை வெட்டிவிடுகிறார்கள், ஏனெனில் சர்வரில் பயன்பாட்டைத் தொடக்கும் கட்டளைக் கோப்பை ஒவ்வொரு வெளியீட்டின்போதும் திருத்த வேண்டாம் என்று கருதுகிறார்கள். அந்த வசதிக்குச் சர்வரில் ஒரு குறியிணைப்பு, அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் நிலையான பெயர், போதும். பதிப்பு எழுதிய கோப்பை அப்படியே வைத்து, இணைப்பை மட்டும் மாற்றினால், புதியது பழுதென்று தெரிந்த நொடியில் பழையதற்குத் திரும்பிவிடலாம். டாம்கேட்டுக்கு அனுப்பும் வார் கோப்புகளில், அதாவது வலைப் பயன்பாட்டுக்கான கட்டுகளில், சிக்கல் உண்மையானது, ஏனெனில் அங்கே கோப்பின் பெயரே இணைய முகவரியின் பகுதியாகிவிடுகிறது. பயனர் முகவரியில் 2.3.1 என்று தட்ட வேண்டியிருக்கும். அதற்கும் டாம்கேட்டே ஏழாம் பதிப்பிலிருந்து வழி வைத்திருக்கிறது: பெயருக்கும் பதிப்புக்கும் நடுவே எண் குறியை (#) இரட்டித்து எழுதினால், அதற்குப் பின்னால் வருவது முகவரியில் சேராது. கிரேடிலில் வேறொரு பொறி இருக்கிறது. திட்டத்தின் பெயரை வெளிப்படையாக எழுதாவிட்டால், மூலநிரல் கிடக்கும் கோப்புறையின் பெயரையே அது எடுத்துக்கொள்ளும்; நிரலாளரின் கணினியில் சரியான பெயருடன் வந்த ஜார், தானியங்கிக் கட்டுமானச் சர்வரில் அங்குள்ள கோப்புறையின் பெயரோடு வெளிவரும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி இதைத் தீர்த்துவிடும்.

கிளாஸ் கோப்புகளோடு ஜாருக்குள் போகும் மற்றவை, அதாவது செய்திகள், அமைப்புகள், படங்கள், எழுத்துருக்கள் ஆகியவை, 'ரிசோர்ஸ்' எனப்படும் துணைக்கோப்புகள். தமிழில் பேசும் பயன்பாட்டை எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதியே அதிகத் தொல்லை தந்திருக்கிறது. ஜாவாவில் திரைச்செய்திகளை மொழிவாரியாகப் பிரித்து வைக்கும் 'பிராப்பர்ட்டீஸ்' கோப்புகள், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள லத்தீன்-1 குறியாக்கத்தில்தான் படிக்கப்பட்டன. அதற்கு வெளியே உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பின்சாய்கோடு, யு என்ற ஆங்கில எழுத்து, நான்கு இலக்க யூனிகோடு எண் என ஆறு குறிகள் எழுத வேண்டும். 'வணக்கம்' என்ற சொல் யூனிகோடில் வகரம், ணகரம், ககரம், புள்ளி, ககரம், மகரம், புள்ளி என ஏழு குறிகளால் ஆனது. பிராப்பர்ட்டீஸ் கோப்பில் அது 42 குறிகளாக நீண்டு, எழுதியவருக்கே படிக்க முடியாததாகிவிடும். இந்த மாற்றத்தைச் செய்யவே ஜாவாவோடு ஒரு சிறு கருவி வழங்கப்பட்டது. பில்ட் நடக்கும்போது அதை ஓட்டி, மாற்றப்பட்ட நகலை வெளியீட்டுக்குள் வைப்பது வழக்கமாக இருந்தது. ஜாவா 9 மொழிவாரிச் செய்திக் கோப்புகளை யூடிஎஃப்-8 குறியாக்கத்திலேயே படிக்கத் தொடங்கியதால் அந்தக் கருவி விடைபெற்றது. ஆயினும் அதே வகைக் கோப்பை 'பிராப்பர்ட்டீஸ்' என்ற கிளாஸின் வழியாக பைட் ஓடையாக நேரடியாகத் திறந்தால் இன்றும் லத்தீன்-1 விதிதான் நடக்கும். ஒரே கோப்பு ஓரிடத்தில் தமிழாகவும் இன்னோரிடத்தில் சிதைந்த குறிகளாகவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

பில்ட் கருவியின் பக்கமும் குறியாக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது நடக்கும் கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சரியாக வந்த தமிழ், விண்டோஸில் கட்டியதும் பாழாகும். 2022-இல் வந்த ஜாவா 18-இலிருந்து யூடிஎஃப்-8 எங்கும் இயல்பாகிவிட்டது என்றாலும், பழைய பதிப்புகளில் கட்டப்படும் திட்டங்கள் இன்னும் ஏராளம். மேவனில் மூலநிரலின் குறியாக்கத்தைக் கூறும் பண்பு ஒன்றே ஒன்று, ஒற்றை வரி. அதை எழுதாத திட்டத்தில், இந்த பில்ட் கணினிக்குக் கணினி மாறும் என்ற எச்சரிக்கையை மேவன் ஒவ்வொரு முறையும் அச்சிடுகிறது. தமிழில் எழுதும் ஒருவர் அந்த எச்சரிக்கையைக் கடந்துபோகவே கூடாது.

துணைக்கோப்புகளை நகலெடுக்கும்போதே அவற்றுக்குள் பதிப்பெண் போன்றவற்றை நிரப்பும் வசதிக்கு 'ஃபில்டரிங்' என்று பெயர். டாலர் குறிக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் இருக்கும் பெயரைக் கண்ட இடமெல்லாம் மேவன் அதன் மதிப்பை எழுதிவிடும். கோப்புறை முழுவதற்கும் இதை இயக்கிவிட்டால் ஆபத்து, ஏனெனில் எழுத்தல்லாத இருமக் கோப்புகளையும் மேவன் எழுத்தாக எண்ணிப் படித்து மீண்டும் எழுதும். அதில் அவை கெட்டுப்போகும். படக்கோப்பு வகைகள் சிலவற்றை அது தானாகவே விலக்கிவிடுகிறது, எழுத்துருக் கோப்புகளை விலக்குவதில்லை. தமிழில் பிடிஎஃப் சான்றிதழோ ரசீதோ அச்சிடும் பயன்பாடுகள் எழுத்துருவைத் தம்மோடு எடுத்துச் செல்கின்றன. மூலத்தில் நன்றாக இருக்கும் அந்த எழுத்துரு ஜாருக்குள் சிதைந்து கிடக்க, குறை நிரலில் இருக்கிறதென்று நாட்கணக்கில் தேடுவதற்கு இது வழிவகுக்கும். நிரப்ப வேண்டிய ஓரிரு கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து அதற்கு மட்டும் ஃபில்டரிங்கை இயக்குவதே நலம்.

இனி நூலகங்கள். தற்காலத்து ஜாவாப் பயன்பாடு எதுவும் தனித்து நிற்பதில்லை. தரவுத்தளத்தோடு பேச ஒன்று, பதிவேடு எழுத ஒன்று எனப் பிறர் எழுதிய ஜார்கள் பல அதற்குத் தேவை. சாதாரண ஜாரில் பயன்பாட்டின் சொந்த கிளாஸ்கள் மட்டுமே இருக்கும், நூலகங்களைப் பக்கத்தில் ஒரு கோப்புறையில் வைத்து மேனிஃபெஸ்டில் அவற்றின் பெயர்களைப் பட்டியலிட வேண்டும். இதற்கு மாற்றாக, பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவதைப் போலத் தேவையான அனைத்தையும் ஒரே ஜாருக்குள் அடைத்துவிடுவதும் உண்டு. நிரலாளர்கள் அதை 'ஃபேட் ஜார்' என்பார்கள். அனுப்ப எளிது, எதுவும் விட்டுப்போகாது என்பதால் இதுவே இன்று பெருவழக்கு. ஆனால் நூலக ஜார்களைப் பிரித்து, உள்ளிருப்பவற்றை ஒரே குவியலாக்கிக் கட்டும்போது, ஒரே பெயருள்ள கோப்புகள் மோதிக்கொள்கின்றன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரு தரவுத்தளங்களின் இணைப்பு நூலகங்களும் மெட்டா-இன்ஃப் கோப்புறையில் ஒரே பெயரில் ஒரு பதிவுக் கோப்பை வைத்திருக்கின்றன. தம்மிடம் இன்ன இணைப்பி உண்டு என்று ஜாவாவுக்கு அறிவிப்பது அதுதான். குவியலில் ஒன்றை மற்றொன்று அழித்துவிட்டால், நிரலாளரின் கணினியில் இரண்டோடும் பேசிய பயன்பாடு, சர்வரில் ஒன்றுக்கு மட்டும் தகுந்த இணைப்பி இல்லை என்று சொல்லும். மேவனின் 'ஷேட்' செருகுநிரலில் இத்தகைய கோப்புகளை அழிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து எழுதும் வசதி உண்டு. அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பவுன்சி காசில் போன்ற மறையாக்க நூலகங்கள் கையொப்பமிடப்பட்ட ஜார்களாக வருகின்றன. அவற்றைப் பிரித்துக் கலந்தபின் கையொப்பம் உள்ளடக்கத்தோடு பொருந்தாது, இயந்திரம் இயக்க மறுக்கும். ஆகவே கையொப்பக் கோப்புகளை விலக்கச் சொல்லி அமைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் பூட் இந்த மோதல்களை முற்றாகத் தவிர்த்தது: அது நூலக ஜார்களைப் பிரிக்காமல், முழு ஜார்களாகவே பெரிய ஜாருக்குள் ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, அவற்றை உள்ளிருந்தே படிக்கத் தெரிந்த தொடக்க நிரல் ஒன்றையும் சேர்த்துவிடுகிறது. இரண்டில் இதுவே மேலான வழி, ஏனெனில் ஒவ்வொரு நூலகமும் தன் பெயரோடும் மேனிஃபெஸ்டோடும் உள்ளே இருக்கிறது.

அந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பது 2021 டிசம்பரில் உலகுக்கே தெரிந்தது. லாக்4ஜே என்ற பதிவேட்டு நூலகத்தில், ஒரு சிறப்பு வரியைப் பதிவேட்டில் எழுதச் செய்வதன் மூலம் வெளியார் தம் நிரலைச் சர்வரில் ஓட்டிவிடலாம் என்ற ஓட்டை வெளிப்பட்டு, லாக்4ஷெல் என்று பெயர் பெற்றது. திருத்தப்பட்ட பதிப்பு உடனே வந்தது. உடனடியாக மாற முடியாதவர்கள் 'ஜேஎன்டிஐலுக்கப்' என்ற ஒரு கிளாஸ் கோப்பை மட்டும் ஜாரிலிருந்து நீக்கிவிடலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் நிர்வாகிகளை வாட்டிய கேள்வி அதற்கு முந்தையது: தங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஜார்களில் எவற்றுள் அந்த நூலகம் இருக்கிறது? கோப்புப் பெயரைக் கொண்டு தேடினால் ஃபேட் ஜார்களுக்குள் இருப்பது அகப்படாது; ஜாருக்குள் ஜாராக இருந்தால் அடுக்கடுக்காகத் திறந்து பார்க்க வேண்டும்; ஷேட் முறையில் கிளாஸ்களின் பெயரையே மாற்றிக் கலந்திருந்தால் அதுவும் போதாது. மேவன் தான் கட்டும் ஒவ்வொரு ஜாருக்குள்ளும் அதன் பெயரையும் பதிப்பையும் கூறும் சிறு பிராப்பர்ட்டீஸ் கோப்பு ஒன்றை வைக்கிறது. தேடல் கருவிகள் பல இந்தக் கோப்பையும் நம்பியே வேலை செய்தன. இடம் மிச்சமாகும் என்று அதை நீக்கச் சொல்லும் அமைப்பு மேவனில் உண்டு. சில நூறு பைட்டுகளுக்காக அதைப் பயன்படுத்துவது தகாது.

மெய்நிகர் இயந்திரத்தையும் சேர்த்து, விண்டோஸிலோ லினக்ஸிலோ நேரடியாக நிறுவத்தக்க வடிவில் கட்டித் தரும் 'ஜேபேக்கேஜ்' கருவி ஜாவா 16-இல் நிலைபெற்றது. மேசைக்கணினிப் பயன்பாடுகளுக்கு அது ஏற்றது. சர்வர் உலகில் ஜாரே இன்னும் ஆள்கிறது.

ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே கட்டினால் இருவருக்கும் பைட் பிசகாமல் ஒரே கோப்பு கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருக்கிறது. டெபியன் லினக்ஸ் குழு 2013-இல் இதற்கான முயற்சியைத் தொடங்கியது. 2020-இல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரையன் மென்பொருளில் நடந்தது இதன் தேவையை உணர்த்தியது: அது ஜாவா அன்று, ஆனாலும் ஊடுருவியவர்கள் அங்கே பில்ட் நடக்கும் நேரத்தில் மூலக்கோப்பு ஒன்றை மாற்றி வைத்தார்கள், நிறுவனம் தன் கையொப்பத்தோடு அந்த வெளியீட்டைத் தானே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியது. வேறோர் இடத்தில் மீண்டும் கட்டி ஒப்பிட முடிந்தால் இத்தகைய வேறுபாடு கண்ணில் படும். ஜார்கள் இப்படி ஒத்துவராமல் போவதற்கு முதற்காரணம் ஜிப் வடிவமே. உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் அது குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பு 1980-இலிருந்து தொடங்கி இரண்டு விநாடித் துல்லியத்தில், நேர மண்டலம் இன்றி எழுதப்படுகிறது. எனவே பத்து நிமிடம் கழித்துக் கட்டினாலும், வேறு நாட்டில் கட்டினாலும் கோப்பு மாறிவிடும். கோப்புகள் அடுக்கப்படும் வரிசையும் கணினிக்குக் கணினி வேறுபடலாம். மேவனில் வெளியீட்டு நேரத்தை நிலையாகக் குறிக்கும் பண்பு ஒன்றை எழுதினால் இவை சீராகும். கிரேடிலில் நேரத்தைக் காக்க வேண்டாம், வரிசையை ஒழுங்குபடுத்து என்று இரண்டு அமைப்புகள் தேவைப்பட்டன, 2025-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் அதுவே இயல்பாகிவிட்டது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. கட்டப்பட்ட நாளையும் நேரத்தையும் மேனிஃபெஸ்டில் எழுதுவது பல திட்டங்களில் உண்டு; கோப்பு தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்ததுதான் அது, ஆயினும் ஒவ்வொரு பில்டையும் வேறு கோப்பாக்கிவிடுகிறது. அந்த நேரத்தை வைத்துத் தெரிந்துகொள்ள விரும்புவது, கோப்பு எந்த மூலநிரலிலிருந்து வந்தது என்பதையே. அதற்கு நேரான விடை, கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரும் 40 இலக்க அடையாள எண். மூலநிரல் மாறாதவரை அதுவும் மாறாது. மேவனுக்கும் கிரேடிலுக்கும் இதை எடுத்து மேனிஃபெஸ்டில் எழுதும் செருகுநிரல்கள் இருக்கின்றன. பதிவு செய்யப்படாத திருத்தங்கள் நிரலாளரின் கணினியில் இருக்கும்போது கட்டினால் அந்த எண் பொய்யாகிவிடும் என்பதால், அத்தகைய நிலையில் எண்ணோடு ஓர் அடையாளச் சொல்லையும் சேர்க்குமாறு அமைக்க வேண்டும். வெளியே அனுப்புவதற்கான பில்ட் என்றால், கோப்பை எழுதாமலே நின்றுவிடுமாறு அமைப்பது இன்னும் பாதுகாப்பானது.